துவக்கு இல்லாத கேலிச்சித்திரம்

எங்கள் வீட்டில் பத்திரிகையை முதலில் விரிப்பவர் வாப்பா. அவர் தலைப்புச் செய்திகளை வாசித்து முடிக்கும்வரை நான் கதிரைக்குப் பின்னால் நின்று காத்திருப்பேன். எனக்கு வேண்டியது ஆசிரியர் தலையங்கத்தின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் வரும் கேலிச்சித்திரம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவற்றை வெட்டி சீ.ஆர். கொப்பியில் ஒட்டி வருகிறேன். இரண்டு கொப்பிகள் நிரம்பிவிட்டன. கடந்த விடுமுறையில் மூன்றாவது கொப்பியைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கி. அரசியல்வாதியின் இடுப்பில், முகமூடிக்காரனின் கையில், குரங்கின் தோளில், தராசின் தட்டில் என்று எங்கும் துப்பாக்கி.

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கைப் பாடத்துக்கு ஒரு தலைப்பைத் தெரிவு செய்யச் சொன்னபோது, "கேலிச்சித்திரங்களில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு விவாதம்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அது அமெரிக்காக்காரருடைய பிரச்சினை அல்லவா பிள்ளை? நமக்கு என்ன?"

கல்ஹின்னையில் எங்கள் அப்பாவின் அலுமாரிக்குள் ஒரு துவக்கு இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. (எங்கள் வீட்டில் அப்பா என்றால் உம்மாவின் வாப்பா.) பத்திரிகையில் "துப்பாக்கி" என்று வருவதும் வீட்டில் "துவக்கு" என்று சொல்வதும் ஒரே பொருள்தான். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கேலிச்சித்திரம் எப்படிப் பேசுகிறது?

ஒரு தலையங்கம் அறுநூறு சொற்களில் சொல்வதைக் கேலிச்சித்திரம் ஒரு பெட்டிக்குள் சொல்லியாக வேண்டும். வாசகர் அதைப் பார்ப்பது சில வினாடிகள்தான். ஆகவே அதற்கென்று சில கருவிகள் உள்ளன.

முதலாவது குறியீடு. தராசைக் கண்டால் நீதி, யானையைக் கண்டால் ஒரு கட்சி, திசைகாட்டியைக் கண்டால் இன்னொரு கட்சி என்று நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. இரண்டாவது மிகைப்படுத்தல். சிறிய மூக்கு பெரிய மூக்காகும். சின்னப் பயம் மலையாகும். மூன்றாவது முரண். ஒன்றோடு ஒன்று சேரக்கூடாத இரண்டு பொருட்களை ஒரே பெட்டிக்குள் வைத்துவிட்டால், நாம் முதலில் சிரிப்போம். பிறகு யோசிப்போம்.

நான்காவது கருவிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சாட்சி என்று சொல்லலாம். இந்தியாவில் ஆர்.கே. லக்ஷ்மண் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த ஒரு சாதாரண மனிதரை வரைந்தார். பல்லாண்டுகள் "டைம்ஸ் ஒஃப் இந்தியா" பத்திரிகையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நம் நாட்டில் டபிள்யூ.ஆர். விஜேசோம வரைந்த "புஞ்சி சிங்ஞோ" அதே போன்ற சிறிய மனிதர். பெரியவர்கள் சண்டை பிடிப்பார்கள், சின்னவர் ஓரத்தில் நிற்பார். படத்தைப் பார்க்கும் நாம் அந்தச் சின்னவர்தான்.

தமிழுக்கு இந்தக் கலை புதிதல்ல. பாரதியார் ஆசிரியராக இருந்த "இந்தியா" வார இதழ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசியல் சித்திரங்களை வெளியிட்டு வழிகாட்டியது. இலங்கையில் ஓப்ரி கொலெட், விஜேசோம ஆகியோரின் பெயர்களோடு, "அத்த" என்ற சிங்களப் பத்திரிகையில் வரைந்த ஜிப்ரி யூனூஸ் என்ற முஸ்லிம் ஓவியரின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்று அவந்த ஆட்டிகல, கிஹான் டி சிக்கேரா போன்றோரின் படங்களைக் காலையில் தொலைபேசியில் பார்த்துவிட்டே பலர் வேலைக்குப் போகிறார்கள்.

யார் கையில் துவக்கு?

இலங்கையில் யாரும் நினைத்தபடி துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆங்கிலேயர் காலத்தில், 1916 இல், கொண்டுவரப்பட்ட 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996 இல் செய்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. எழுத்தில் பார்த்தால் அமெரிக்காவை விட எவ்வளவோ இறுக்கமான சட்டம்.

அப்படியென்றால் விவாதம் எங்கே? முப்பது ஆண்டு யுத்தம் 2009 இல் முடிந்தபோது எல்லா ஆயுதங்களும் களஞ்சியத்துக்குத் திரும்பவில்லை. ரி-56 என்ற பெயரை இன்று சின்னப் பிள்ளைகளும் செய்தியில் கேட்டுப் பழகிவிட்டார்கள். இதைத் தவிர, கிராமங்களில் இரும்புக் குழாயை வைத்துச் செய்யும் "கல்கட்டாஸ்" துவக்குகள் இருக்கின்றன. சட்டம் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கை எண்ணுகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் எண்ணிக்கையில் இல்லாத துவக்கு. நம் கேலிச்சித்திரங்கள் இந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்ப வரைகின்றன. என் கொப்பியில் உள்ள படங்களை யார் கையில் துவக்கு இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். நான்கு கைகள் வந்தன.

முதலாவது, பாதாள உலகத்தின் கை. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், நீதவானின் முன்னிலையிலேயே, சட்டத்தரணியைப் போல் உடுத்தி வந்த ஒருவன் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி உள்ளே வந்தது, நடுப்பக்கங்களை வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். நான் மேலே சொன்ன முரண் என்ற கருவியை நினைத்துப் பாருங்கள். சட்டப் புத்தகமும் துப்பாக்கியும் ஒரே பெட்டிக்குள். ஓவியர் கற்பனை செய்ய வேண்டியதைக் குற்றவாளிகள் நிஜத்தில் செய்துவிட்டார்கள். அந்த வாரத்துப் படங்களில் ஓவியர்கள் மிகைப்படுத்த எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

இரண்டாவது, அரசியல்வாதியின் கை. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. மக்கள் கைதட்டினார்கள். மறு வருடம் ஒக்டோபர் 22 அன்று வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே, எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்டார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தால் பயம், வைத்திருந்தால் ஊருக்குப் பயம். விவாதத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே வருடத்துக்குள் வந்துவிட்டன.

மூன்றாவது, சீருடை அணிந்த கை. 2022 ஏப்ரல் 19 அன்று, நமக்குப் பக்கத்திலே றம்புக்கனையில், எரிபொருள் கேட்டுப் போராடியவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். சட்டப்படியான துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு வேண்டுமா என்ற கேள்வியை அந்த நாட்களின் சித்திரங்கள் எழுப்பின.

நான்காவது, விவசாயியின் கை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குரங்கும் விவசாயியும்

நம் நாட்டில் துவக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பவர்கள் விவசாயிகள். கண்டி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். குரங்கு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மர அணில் என்று ஒரு பட்டியல் வரும். இளநீர்க் குரும்பை, ஈரப்பலா, வாழைக்குலை, மரவள்ளி எதுவும் மிஞ்சுவதில்லை.

2023 ஏப்ரலில், ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி ஆராய்வதாக அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர சொன்னார். என் இரண்டாவது கொப்பியில் அந்த மாதத்துக்கு மட்டும் ஆறு பக்கங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று சொல்லப்பட்டபோது இன்னும் நாலு பக்கங்கள். அடுத்த மாதம் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் பயிரழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுத்தார்கள். நோன்பு காலம். கிராம உத்தியோகத்தர் தந்த படிவத்தோடு நானும் அப்பாவும் தோட்டத்தில் நின்றோம். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு குரங்கும் வரவில்லை. 8.20 க்குப் பதினொன்று வந்தன. அப்பா படிவத்தைப் பார்த்தார், குரங்குகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் முகத்தை யாராவது வரைந்திருந்தால் அன்றைய சிறந்த கேலிச்சித்திரம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அப்பாவுடைய துவக்கு ஒற்றைக் குழாய் வேட்டைத் துவக்கு. பயிரைக் காப்பதற்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்தது. பழைய சாரனில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டியிருப்பார். தோட்டத்து உறுதியும் அனுமதிப்பத்திரமும் ஒரே பொலித்தீன் உறையில். ஒவ்வொரு வருடமும் அந்த உறையை எடுத்துக்கொண்டு புதுப்பிக்கப் போவார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் குரங்குகள் இரண்டு நாளைக்கு வராது. மூன்றாம் நாள் வரும்.

பெருநாளைக்கு வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியை நானா ஒருமுறை என் பக்கம் நீட்டினான். அப்பா அதைப் பிடுங்கி முறித்துப் போட்டார். விளையாட்டுக்குக்கூட ஒருவர் பக்கம் ஆயுதத்தை நீட்டக்கூடாது என்று நபியவர்கள் (ஸல்) தடுத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். இப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில்தான் துவக்கும் இருந்தது. இதை எந்தப் பக்கத்துக் கேலிச்சித்திரத்திலும் நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவின் தோட்டத்துக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாதையில் யாரோ பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்திருந்தார்கள். பாதைக்குக் குறுக்கே முழங்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய கம்பி. கம்பியில் பட்டால் புதருக்குள் இருக்கும் துவக்கு தானாக வெடிக்கும். அதைக் கட்டியவன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். அன்று காலை கித்துள் இறக்கப் போன ஒரு பொடியன் அதில் பட்டான். அப்பாவுடைய சிங்கள அயலவரின் மகன். வேனுக்குள் தூக்கிப் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனவர்களில் அப்பாவும் ஒருவர். உயிர் தப்பியது, ஒரு கால் தப்பவில்லை.

அனுமதிப்பத்திரம் இல்லாத, ஆளே இல்லாமல் சுடுகின்ற துவக்கு. எந்தச் சட்டத்துக்குள்ளும் அது அடங்கவில்லை. ஆனால் அதை வைத்தவரும் குரும்பையும் மரவள்ளியும் இழந்த ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

கடலுக்கு அப்பால்

ஆசிரியை சொன்னதும் பிழையில்லை. இந்த விவாதத்துக்கு அதிகம் படம் வரைந்த நாடு அமெரிக்காதான். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791 இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் மூலம் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த நாடு அது. "வோஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் ஹேர்ப்லொக் என்ற புகழ்பெற்ற ஓவியர் துப்பாக்கி ஆதரவு அமைப்புகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து சாடினார். மறுபக்கத்தில் வரைவோரும் இருக்கிறார்கள். "இங்கே துப்பாக்கிக்குத் தடை" என்ற பலகைக்கு முன்னால் திருடன் நின்று சிரிப்பது அவர்களுடைய வழக்கமான படம். நல்லவர்களிடமிருந்து மட்டும் ஆயுதத்தைப் பறித்தால் கெட்டவனுக்குத்தானே வசதி என்பது அவர்களுடைய கேள்வி. அது முட்டாள்தனமான கேள்வியல்ல. அப்பாவும் அதைத்தான் கேட்பார்.

இரு பக்கத்துப் படங்களையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தவர் மறு பக்கத்தவரை எப்போதும் முட்டாளாகவும் கொடியவராகவும் வரைகிறார்கள். படத்தைப் பார்த்து ஏற்கெனவே உடன்படுபவர் சிரிப்பார். உடன்படாதவர் கோபிப்பார். யாருடைய மனமும் மாறாது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். 2022 மே மாதம் யுவால்டி என்ற ஊரில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். இரண்டுக்கும் இடையில் எத்தனையோ கேலிச்சித்திரங்கள் வந்து போயின.

அப்படியானால் எந்தப் படம் மனதில் நிற்கிறது? நான் தேடியவற்றில் இரண்டு படங்கள் என்னை விட்டுப் போகவில்லை.

ஒன்று 1963 இல் வந்தது. ஜனாதிபதி கென்னடி நவம்பர் 22 அன்று சுடப்பட்டபோது, சிக்காகோ நகரப் பத்திரிகையில் வேலை செய்த பில் மோல்டின் அவசரமாக ஒரு படம் வரைந்தார். தலைநகரில் கதிரையில் கம்பீரமாக அமர்ந்திருக்கும் ஆபிரகாம் லிங்கனின் கற்சிலை, முகத்தைக் கைகளில் புதைத்து அழுகிறது. அவ்வளவுதான். லிங்கனும் 1865 இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பது அமெரிக்கர் எல்லோருக்கும் தெரியும். படம் கடைசிப் பக்கத்தில் வந்திருந்தது. விற்பவர்கள் அந்தப் பக்கம் மேலே தெரியும்படி பத்திரிகையைத் திருப்பி வைத்து விற்றார்களாம். கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில் வாங்கப்பட்டது. அவ்வாறு வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1968 இல்தான் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங்கும் கென்னடியின் தம்பியும் சுடப்பட்ட பிறகு. ஒரு படம் சட்டத்தைக் கொண்டுவராது. ஆனால் சட்டம் வரும்வரை துக்கத்தை அது உயிரோடு வைத்திருக்கும்.

மற்றது 2019 மார்ச் 15 ஐப் பற்றியது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது இரண்டு பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் ஷஹீதானார்கள். அவுஸ்திரேலியாவின் "கன்பரா டைம்ஸ்" ஓவியர் பட் கம்பல், நியூசிலாந்தின் அடையாளமான வெள்ளிப் பன்னத்தை வரைந்தார். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இலையும் தொழுகையில் இருக்கும் ஒரு மனிதர். நிலையில், ருகூவில், சுஜூதில் என்று ஒருவர் பின் ஒருவராக அந்தத் தண்டு முழுவதும் நிற்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் அந்நாட்டுப் பாராளுமன்றம் 119 க்கு 1 என்ற வாக்குகளால், தானாகக் குண்டேற்றும் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. அந்தப் படத்தை உம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தார்.

இரண்டு படங்களிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? துப்பாக்கி இல்லை. கொலைகாரன் இல்லை. முட்டாள் அரசியல்வாதி இல்லை. துப்பாக்கி யாரை விட்டுச் சென்றது என்பது மட்டும் இருக்கிறது.

நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்கு முன்னால் குழாய் முடிச்சிடப்பட்ட ஒரு வெண்கலத் துப்பாக்கிச் சிலை இருக்கிறது. சுவீடன் நாட்டுச் சிற்பி ரொய்டர்ஸ்வார்ட் செய்தது. துப்பாக்கியை வரைந்தே சமாதானம் பேச முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அந்தத் துப்பாக்கியை அவர் முதலில் பயனற்றதாக்க வேண்டியிருந்தது.

தூரிகைக்கு முன்னால்

துப்பாக்கியைப் பற்றி வரைபவர்கள் பாதுகாப்பான தூரத்தில் நின்று வரைவதில்லை. பலஸ்தீன ஓவியர் நாஜி அல்-அலி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் வெறுங்கால் சிறுவனான "ஹன்தலா"வைப் படைத்தவர். அகதியாகத் தன் ஊரை விட்டு வந்தபோது அவருக்கிருந்த வயதே ஹன்தலாவுக்கும், பத்து. ஊருக்குத் திரும்பும் வரை அவன் வளர மாட்டான். 1987 ஜூலை 22 அன்று லண்டனில், தான் பணிபுரிந்த பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே நாஜி அல்-அலி சுடப்பட்டார். ஓகஸ்ட் 29 அன்று மரணித்தார். ஹன்தலா இன்னும் அப்படியே நிற்கிறான்.

2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் "ஷார்லி எப்டோ" இதழின் அலுவலகத்திலும் அதற்கு வெளியிலும் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இதழின் சில படங்கள் நம் இதயத்தைக் காயப்படுத்தியவை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று வீதியில் சுடப்பட்டு இறந்த பொலிஸ் அதிகாரியின் பெயர் அஹ்மத் மெராபெத். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நம்மவர் ஒருவரையும் கொன்றார்கள். ஒரு படம் தவறென்றால் அதற்கு எதிராக எழுதலாம், வரையலாம், வாங்காமல் விடலாம். துவக்கு ஒரு பதிலல்ல என்பதை இதில் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் 2010 ஜனவரி 24 அன்று பத்திரிகையாளரும் கேலிச்சித்திர ஓவியருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அவருடைய மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். பாடப்புத்தகத்தில் "ஊடகச் சுதந்திரம்" என்று ஒரு வரியில் கடந்து போகும் விடயம் அவருக்குப் பதினைந்து வருடத்துக்கும் மேலான வாழ்க்கை.

நான் வரைந்த படம்

இவ்வளவும் தேடிய பிறகு கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு நானே ஒரு கேலிச்சித்திரம் வரைவது என்று முடிவு செய்தேன். முதலாவது படம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. தோட்டம். மரத்தில் குரங்குகள் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கின்றன. கீழே ஒரு வயதான விவசாயி. ஒரு கையில் துருப்பிடித்த துவக்கு, மறு கையில் மலைபோல் அடுக்கிய அனுமதிப்பத்திரங்கள். தோழிகள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி, அங்கும்புரை வழியாகக் கல்ஹின்னைக்குப் போனேன். அஸருக்குப் பிறகு அப்பாவிடம் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விவசாயியின் தொப்பியைக் கண்டு, "இது நானா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நல்லாத்தான் கீறியீக்கிறா மகள். கொரங்கு ஈக்கிது, துவக்கு ஈக்கிது, நானும் ஈக்கிறன். அந்தப் பொடியன்ட காலு எங்க ஈக்கிது?"

எனக்குப் பதில் வரவில்லை.

அப்பா எழுந்து போய் அந்தப் பொலித்தீன் உறையை எடுத்து வந்தார். இந்த வருடம் புதுப்பிக்க வேண்டிய பத்திரம் மேலே இருந்தது. "புதுசு பண்ணாட்டி கொரங்கு எல்லாத்தையும் தின்டுட்டுப் போகும். புதுசு பண்ணினா, நான் மௌத்தான பொறகு இது யார்ட கைக்குப் போகும்? ரெண்டுக்கும் எனக்குப் பயம். ஒன்ட படத்துல எனக்கு ஒரு பயமும் இல்லயே" என்றார்.

என் படத்தில் என்ன குறை என்று அப்போதுதான் விளங்கியது. நானும் இரு பக்கத்து ஓவியர்களைப் போல ஒரு முட்டாளை வரைந்துவிட்டேன். அந்த முட்டாள் என் சொந்த அப்பா. கேலிச்சித்திரம் நம்மைச் சிரிக்க வைப்பதற்காகச் சிலவற்றைப் பெட்டிக்கு வெளியே விட்டுவிடுகிறது. வெளியே விடப்பட்டது என்ன என்று கேட்பதுதான் வாசகர் செய்ய வேண்டிய வேலை. துப்பாக்கி வேண்டும் என்று சொல்லும் படத்தைப் பார்த்தால், அடிபட்டவர் எங்கே என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் படத்தைப் பார்த்தால், பயந்தவர் எங்கே என்று கேட்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் பெற்றோரும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

இரண்டாவது படத்துக்கு நான்கு நாட்கள் சென்றன. அதில் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மிளகுக் கொடி. பாதையின் நடுவில் ஒற்றைச் செருப்பு. தூரத்தில், குரும்பை உதிர்ந்த தென்னைக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வயதானவர் நிற்கிறார். கையில் ஒரு கடதாசி.

சுவர்ப் பத்திரிகையில் அதை ஒட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, மற்றச் செருப்பு எங்கே?" என்று கேட்டாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டுத்துவக்கு என்றால் என்னவென்று சொன்னேன்.

அப்பா படத்தின் பிரதியொன்றை அந்தப் பொலித்தீன் உறைக்குள் வைத்திருக்கிறார். பத்திரத்தை இன்னும் புதுப்பிக்கவில்லை. துவக்கை ஒப்படைக்கவும் இல்லை. கடைசித் திகதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.